கதை பேசும் குழுவுக்கு எந்த கேமை எடுப்பது?

மாதம் ஒரு நாவல் அல்லது சிறுகதைத் தொகுப்பு என்று பேசிவரும் வாசிப்புக் குழு ஒன்று, ஜூன் விடுமுறையில் ஒரு வீடியோ கேமை எடுத்துப் பேசலாம் என்று முடிவுசெய்கிறது. சமூக மன்றத்தில் அறை கிடைத்துவிட்டது. கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். வருவது எட்டுப் பத்துப் பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் உண்டு, தொடக்கக் கல்லூரி மாணவரும் உண்டு. பாதிப் பேர் கண்ட்ரோலரைக் கையில் பிடித்ததே இல்லை. எந்த கேம்?

இங்கேதான் சறுக்கல் தொடங்கும். "கதை அட்டகாசமா இருக்கும்" என்று யாரோ ஒருவர் சொன்ன பெரிய பட்ஜெட் கேமை ஏற்றிவிடுவார்கள். முதல் முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி கட்சீன், அதாவது விளையாட விடாமல் தானே ஓடும் படக்காட்சி. ஒருவர் நடக்க, ஒன்பது பேர் வேடிக்கை பார்க்க, பொழுது போகும். பிறகு வரும் பேச்சும் சினிமாப் பேச்சாகவே இருக்கும்: நடிப்பு, வசனம், இசை, கிளைமாக்ஸ். நடுவில் விளையாட்டு என்று ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவு வராது. கடைசியில் "கதைக்கு எட்டு, கேம்ப்ளேக்கு ஏழு" என்று மதிப்பெண் போட்டுக் கலைவார்கள்.

அப்படிப் பிரித்து மதிப்பெண் போடுவதுதான் கேம் விமர்சனத்தைப் பிடித்த பழைய நோய். கதை வாயால் சொல்வது ஒன்றும் விதிகள் நம் கையைச் செய்ய வைப்பது ஒன்றுமாக இருந்தால், அந்த கேம் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதுதான் பேச வேண்டிய விஷயம். 2007ல் வந்த பயோஷாக் பற்றி, அதே ஆண்டு கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் இந்தக் கோணத்தில்தான் எழுதினார். அந்த கேமில் 'லிட்டில் சிஸ்டர்' எனப்படும் சிறுமிகளைக் காப்பாற்றலாம், அல்லது அவர்களிடமிருந்து சக்தியைப் பிடுங்கிக்கொள்ளலாம். சுயநலமா இல்லையா என்பதை விதிகள் நம்மிடம் விடுகின்றன. கதையோ, அட்லஸ் என்பவருக்கு உதவித்தான் ஆக வேண்டும் என்கிறது. மறுக்க வழியே இல்லை. இந்த முரணுக்கு ஹாக்கிங் வைத்த பெயர் 'லூடோநேரடிவ் டிசொனன்ஸ்'. அந்தச் சொல் அப்புறம் படாத பாடு பட்டது. 2016ல் வந்த அன்சார்ட்டட் 4, ஆயிரம் எதிரிகளை வீழ்த்தியவருக்கு இதே பெயரில் ஒரு டிராஃபியையே (கேமுக்குள் தரும் சாதனைப் பரிசு) கொடுத்துக் கேலி செய்தது. சிரித்த முகமும் நகைச்சுவைப் பேச்சுமாகத் திரியும் நாயகன் வழியெல்லாம் ஆட்களைக் கொன்று குவிக்கிறானே என்ற குற்றச்சாட்டுக்குத் தயாரிப்பாளர்கள் தந்த பதில் அவ்வளவுதான்.

ஆகவே குழுவுக்கான தேர்வில் 'நல்ல கதை' என்பது முதல் அளவுகோலாக இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள், விளையாடத் தெரியாதவர் கையிலும், விதியும் கதையும் உரசுவது தெரிய வேண்டும். ஆங்கில வாசிப்பு எவ்வளவு தேவை, அறையில் மற்றவர்களுக்கு என்ன வேலை, வயது வரம்பு என்ன, பாதியில் நிறுத்தினால் நஷ்டமா என்பதெல்லாம் அடுத்து வரும். இந்தக் கணக்கில் தேறுவது நான்கு கேம்கள்: பேப்பர்ஸ் ப்ளீஸ், ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின், டிஸ்கோ எலிசியம், வெண்பா. ஆசைப்பட்டு எடுத்துச் சிக்கிக்கொள்ளக்கூடிய இன்னும் சில உண்டு. அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

பேப்பர்ஸ் ப்ளீஸ்

லூகாஸ் போப் தனியாளாக உருவாக்கி 2013ல் வெளியிட்டது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நாம் ஓர் அதிகாரி. வருபவரின் பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் விதிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வாரக் கடைசி வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதுதான் புதிது. (காரில் போகிறவர்கள் 2024லிருந்து கியூஆர் குறியீட்டைக் காட்டிப் போகலாம் என்றாகிவிட்டதால், பாஸ்போர்ட் புரட்டப்படும் சத்தம் இனி ஒரு தலைமுறைக்குத் தெரியாமலும் போகலாம்.)

இந்த கேமை எழுத்தாளராகப் படிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது மேசையின் அளவை. சாவடி மேசை வேண்டுமென்றே சிறியது. பாஸ்போர்ட், நுழைவு அனுமதி, விதிப் புத்தகம், அன்றைய அறிவிப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒரு தாளை நகர்த்தினால் இன்னொன்று மறையும். தேதியைப் பார்க்கப் போய் முகத்தைப் பார்க்க மறந்துவிடும். ஒரு ஆளை முடித்தால் 5 கிரெடிட் கூலி. நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். தவறு செய்தால் ஒரு நாளில் முதல் இரண்டு முறை எச்சரிக்கைச் சீட்டு, மூன்றாவதிலிருந்து அபராதம். நாள் முடிவில் வாடகை, சாப்பாடு, கணப்பு என்று வீட்டுக் கணக்கு. பணம் போதவில்லை என்றால் குழந்தைக்குச் சாப்பாடா, வீட்டுக்குக் கணப்பா என்று ஒன்றை அடிக்க வேண்டும். 'அதிகாரம் மனிதரை இயந்திரமாக்கும்' என்று யாரும் வசனம் பேசவில்லை. இடமில்லாத மேசையும் ஓடும் கடிகாரமும் அதை நம் மணிக்கட்டிலேயே செய்துவிடுகின்றன.

முதல் வாரத்திலேயே ஒரு தம்பதி வருவார்கள். கணவரின் தாள்கள் சரியாக இருக்கும். போகும்போது, பின்னால் வரும் தன் மனைவியிடம் இரக்கம் காட்டச் சொல்லிவிட்டுப் போவார். மனைவியிடம் நுழைவு அனுமதி இருக்காது. உள்ளே விட்டால் ஒரு எச்சரிக்கைச் சீட்டு. அன்று அதுவரை ஒரு தவறும் செய்யாதவருக்கு அந்த இரக்கம் இலவசம். ஏற்கெனவே இரண்டு சீட்டு வாங்கியவருக்கு அது மகனின் சாப்பாட்டுக் காசு. ஒரே காட்சி, ஒரே வசனம். ஆனால் விளையாடுபவரின் திறமைக்கேற்ப அதன் விலை மாறுகிறது. நாவலால் செய்ய முடியாத காரியம் இது, குழுவில் பேசப் பொருத்தமானதும் இதுவே. இடையில் ஜோர்ஜி என்ற கிழவர், இல்லாத ஒரு நாட்டுக்குக் கையால் வரைந்த பாஸ்போர்ட்டோடு வந்து நிற்பார்; அறை சிரிக்கும். அந்தச் சிரிப்பு தேவைதான்.

குறையும் உண்டு. பிற்பகுதியில் ஒரு ரகசிய இயக்கம் நுழைந்து 'இன்னாரை விடு, இன்னாரைத் தடு' என்று கட்டளை தரத் தொடங்கும். அதுவரை நம்முடையதாக இருந்த முடிவு அங்கே வேறு யாரோ கொடுத்த வேலையாகச் சுருங்கிவிடுகிறது. தாள்களும் பெருகிப்போய், கதைத் திருப்பம் வந்தால் 'சீக்கிரம் போய்யா' என்று எரிச்சல் வரும் கட்டம் வரும். அந்த எரிச்சலில் பாதி வடிவமைப்பின் நோக்கம், மீதி வெறும் களைப்பு என்றே படுகிறது. நல்ல வேளையாக, ஒரு சந்திப்பில் அவ்வளவு தூரம் போகவே முடியாது. மொத்தம் 31 நாள், 20 முடிவுகள். குழுவுக்கு முதல் ஆறேழு நாள் போதும்.

ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின்

இதுவும் போப் செய்ததே, 2018ல். 1803ல் காணாமல்போன கப்பல் 1807ல் ஆளில்லாமல் கரை சேர்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு அதிகாரியாக ஏறி, கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். ராஃபிள்ஸ் 1819ல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் வந்திறங்கியதும் இதே கம்பெனியின் ஆளாகத்தான் என்பதால், கணக்கு தீர்க்க வந்த அந்த அதிகாரியின் பார்வை நமக்கு அந்நியமானதல்ல.

கையில் ஒரு மாயக் கடிகாரம். சடலத்தின் அருகே திறந்தால் அவர் சாகும் முன் கேட்ட சத்தம், பேச்சு. பிறகு செத்த அந்தக் கணம் மட்டும் உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து பார்த்து முகம், பெயர், சாவின் வகை, கொன்றவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு பேரேட்டில் நிரப்ப வேண்டும். மூன்று பேருடையது சரியாக இருந்தால்தான் புத்தகம் அந்த மூன்றையும் உறுதி செய்யும். யூகித்து யூகித்து அமுக்குவதைத் தடுக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு: இருவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்துவிட்டால், மூன்றாமவருக்குப் பட்டியலிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுத் திறந்துவிடலாம். குழுவில் ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைய துப்பறிதல் முடிந்தது.

அறையில் உள்ள எல்லோருக்கும் வேலை கொடுப்பதில் இதை அடிக்க வேறு கேம் இல்லை. ஒருவர் நடத்தினாலும், செருப்பைப் பார்ப்பவர் ஒருவர், மோதிரத்தைப் பார்ப்பவர் ஒருவர், படுக்கைத் தொட்டிலின் எண்ணைப் பார்ப்பவர் ஒருவர் என்று எட்டுக் கண்ணும் வேலை செய்யும். கண்ட்ரோலர் பிடிக்காதவர்தான் பெரும்பாலும் முதல் பெயரைக் கண்டுபிடிப்பார்.

விமர்சனம் என்று வரும்போது இரண்டு விஷயத்தைத் தவறாமல் எடுக்க வேண்டும். ஒன்று, கதை அதைச் சொல்லும் முறையைவிடப் பல படி கீழே இருக்கிறது. பேராசை, கடல் பூதம், பழிவாங்கல் என்று தேதி வரிசையில் எழுதினால் சாதாரணக் கடற்கதை. சாகும் கணத்தில் மட்டும் சந்திப்பதால் யார்மேலும் பாசம் ஒட்டாது. இரண்டாவது கொஞ்சம் கூர்மையானது. கப்பலில் இருந்தோர் பட்டியலில் இந்தியர், சீனர், ஃபார்மோசாக்காரர் (இன்றைய தைவான்) எல்லாம் உண்டு. அவர்களை அடையாளம் காண நாம் செய்வது என்ன? உடையையும் தோற்றத்தையும் உச்சரிப்பையும் வைத்து ஆட்களைப் பிரித்து, கம்பெனிப் புத்தகத்தில் பதிவது. காலனிய அலுவலகக் குமாஸ்தாவின் வேலையை கேம் நம்மைக் கொண்டு செய்விக்கிறது. தெரிந்துதான் செய்விக்கிறதா, புதிரின் வசதிக்காக அப்படி அமைந்துபோனதா என்பதை வைத்து ஒரு மணி நேரம் பேசலாம். கடைசியில் இந்தப் பேரேடு இழப்பீட்டுக் கணக்காகவே முடிகிறது என்பதைப் பார்த்தால், தெரிந்துதான் என்ற பக்கம் சாயலாம்.

ஆனால் நீளம்: எட்டிலிருந்து பத்து மணி நேரம். ஒரு சந்திப்பில் முடியாது, மூன்று வேண்டும். படம் முழுக்கப் பழைய கணினித் திரை மாதிரி இரண்டே நிறத்துப் புள்ளிகளால் ஆனது. பெரிய டிவியில் வேகமாகத் திரும்பினால் புள்ளிகள் மினுமினுத்துத் தலை சுற்றும். மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள்; திரை நிறத்தை மாற்றும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. வர முடியாதவர்களுக்காக ஜூமில் காட்டும் யோசனையைக் கைவிடுங்கள். வீடியோ சுருக்கம் அந்தப் புள்ளிகளைக் கூழாக்கிவிடும். துப்பெல்லாம் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. இன்னொரு சங்கடம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து உச்சரிப்புகளைப் பிரித்தறிவது நமக்குச் சிரமம். பேச்சு எழுத்திலும் வரும் என்பதால் வண்டி ஓடும்.

டிஸ்கோ எலிசியம்

இலக்கியக் குழுக்கள் முதலில் கைவைக்க ஆசைப்படும் கேம் இது. 2019ல் வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், சண்டைமுறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. குடித்துக் குடித்து நினைவை இழந்த துப்பறிவாளர் ஒருவர், விடுதிக்குப் பின்னால் மரத்தில் தொங்கும் பிணத்தின் வழக்கை விசாரிக்க வேண்டும். அவருடைய 24 திறன்கள் அவர் மண்டைக்குள் ஆளாளுக்குப் பேசும். தர்க்கம் ஒன்று சொல்லும், பச்சாதாபம் வேறொன்று சொல்லும், அதிகாரவெறி குறுக்கே விழும். எதையும் முயலும்போது இரண்டு பகடை உருளும். வெள்ளைச் சோதனையை அந்தத் திறன் கூடிய பின் திரும்ப முயலலாம். சிவப்புக்கு ஒரே வாய்ப்பு. இரண்டிலும் ஆறு விழுந்தால் எப்படியும் வெற்றி, இரண்டிலும் ஒன்று விழுந்தால் எப்படியும் தோல்வி.

எழுத்தின் தரத்தில் இந்த நான்கில் இதற்குத்தான் முதலிடம், சந்தேகமே இல்லை. விதிக்கும் கதைக்கும் உள்ள உறவும் நுட்பமானது: தோற்றால் கதை நிற்பதில்லை, பெரும்பாலும் தோற்ற வழியில்தான் நல்ல எழுத்து கிடக்கிறது. உடல்வலுவை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கினால், முதல் அறையில் விளக்கைப் போட்டதற்கே மாரடைப்பு வந்து ஆட்டம் முடியும். கேலியாகத் தோன்றினாலும், இந்த ஆளின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

குழுவில் கெடுப்பது இரண்டு. பகடை சரியாக விழவில்லை என்றால் முன்பு சேமித்துவைத்த இடத்துக்கே (சேவ்) திரும்பும் பழக்கம் உள்ளவர் கையில் மவுஸ் போனால், கேமின் உயிரே போய்விடும். அதைவிடப் பெரியது வாசிப்பு வேகம். திரையில் ஓடும் ஆங்கிலம் அடர்த்தியானது. ஐரோப்பிய இடதுசாரி வரலாற்றுக் குத்தல்கள் நிறைய. ஒருவர் முடித்து 'அடுத்து' என்பதற்குள் இன்னொருவர் பாதிப் பத்தியில் இருப்பார். கேட்காமலே கிளிக் செய்துவிட்டுப் போனால் மனக்கசப்பு.

இதற்கு ஒரு வழி உண்டு. 24 திறன்களும் ஆறு ஆறாக நான்கு பிரிவு: அறிவு, மனம், உடல், கைத்திறன். நான்கு பேரிடம் ஆளுக்கொரு பிரிவைக் கொடுத்து, அந்தப் பிரிவின் குரல் வரும்போதெல்லாம் அவரே சத்தமாக வாசிக்க வேண்டும் என்று வையுங்கள். 2021ல் வந்த ஃபைனல் கட் பதிப்பில் எல்லா வரிக்கும் குரல் உண்டு, ஒலியைக் குறைத்துவிடுங்கள். மண்டைக்குள் நடக்கும் சண்டை அப்போது அறைக்குள் நடக்கும். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த வேலையில் வெளுத்து வாங்குவார்கள். ஆனாலும் இரண்டு மணி நேரத்தில் விடுதியிலிருந்து பிணம் வரை போனாலே அதிகம். முழுதாக முடிக்க முப்பது மணி நேரம் வேண்டும்.

வெண்பா

தமிழ்க் குழு என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் இதுதான். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் தம்பதி, அவர்கள் மகன் கவின் ஆகியோரின் கதை, சமையல் வழியாக. 2024ல் சுயாதீன கேம் விழாவான ஐஜிஎஃப்பின் பெரும்பரிசும் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் முதல் படைப்புக்கான விருதும் பெற்றது. ஒன்றரை மணி நேரத்தில் முடியும். வயதுப் பிரச்சினை இல்லை, விரல் வேகம் தேவையில்லை.

எல்லாப் பெட்டியிலும் டிக் விழுகிறது. இருந்தும் முதல் சந்திப்புக்கு இதை எடுக்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

புதிர்கள் அழகானவை. அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது; விட்டுப்போன படியை நாமே ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும், புட்டுக் குழலில் தேங்காயும் மாவும் எந்த வரிசையில் போகும் என்பன போல. வானொலியில் பாட்டு ஓடும். ஆனால் தோற்க வழியில்லை. தப்பாக அடுக்கினால் மறுபடி தொடங்கலாம், கதையில் ஒரு கீறலும் விழாது. உரையாடலில் நாம் தேர்ந்தெடுக்கும் வரிகளும் கதையின் போக்கை அசைப்பதில்லை. கதை ஒரு தண்டவாளத்தில், சமையல் இன்னொரு தண்டவாளத்தில் என்று பெரும்பாலும் இணையாகவே போகின்றன. அவை சந்திப்பது, தமிழ் சரியாகப் படிக்க வராத கவின் வளர்ந்தபின் தானே அந்தக் குறிப்பை வைத்துச் சமைக்கப் பார்க்கும்போது. அதுவரை குறிப்பேட்டில் கிழிசல் மட்டுமே தடையாக இருந்தது. இப்போது எழுத்தே தடை. அந்த ஒரு அத்தியாயத்துக்காக இந்த கேமை நான்கு முறை விளையாடலாம்.

பிறகு ஏன் தயக்கம்? குழுதான் காரணம். இட்லி வந்ததும் உளுந்தின் அளவில் சர்ச்சை கிளம்பும். கவின் ஆங்கிலத்தில் பதில் சொன்னதும் பேச்சு அவரவர் பிள்ளைகளின் தாய்மொழிப் பாடத்துக்குத் தாவும், வீட்டில் தமிழ் பேசுவது குறைகிறது என்ற பழைய புலம்பலில் போய் நிற்கும். எல்லாமே நல்ல பேச்சுதான், கேமைப் பற்றிய பேச்சில்லை. கையும் கதையும் எப்படி உரசுகின்றன என்று ஒரு முறை பேசிப் பழகிய குழு, வெண்பாவின் பலத்தையும் பலவீனத்தையும் நேர்மையாகப் பார்க்கும். பழகாத குழு 'நம்மவர்களின் கதை' என்ற பெருமையில் கண்ணை மூடிக்கொள்ளும். அந்த கேமுக்கும் அது மரியாதையில்லை.

ஆசைப்பட்டு எடுக்கக் கூடாதவை

லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் (2020) பேச நிறைய இடம் தருவது: ஒருவனைக் கொன்றால் கூட்டாளி அவன் பெயரைச் சொல்லி அலறுவான், பாதியில் நாம் வெறுத்த பெண்ணையே கையில் கொடுத்து விளையாடச் சொல்லும். ஆனால் சித்திரவதைக் காட்சியில் பட்டனை அமுக்காமல் நகர வழியில்லை, அமுக்கியபின் குற்ற உணர்ச்சி நம் தலையில். வேறு வழி தராமல் பழியை மட்டும் சுமத்தும் இந்த உத்தி, பேப்பர்ஸ் ப்ளீஸின் அந்தத் தம்பதிக் காட்சியோடு ஒப்பிட்டால் எவ்வளவு மலிவானது என்பது விளங்கும். 25 மணி நேரம் ஓடுவது, கொடூரமும் அதிகம்; பொது அறைக்கு ஒத்துவராது. பொதுவாகவே எம்18 வில்லை ஒட்டிய கேமைப் பதின்ம வயதினர் இருக்கும் கூட்டத்தில் போடாதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதைக் கடையில் விற்கவே கூடாது.

அவுட்டர் வைல்ட்ஸ் (2019) அற்புதம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அறிந்துகொண்டது மட்டுமே கையில் மிஞ்சும். அதனாலேயே, ஏற்கெனவே விளையாடிய ஒருவர் அறையில் இருந்தாலும் கெட்டது. விண்கலத்தை ஓட்டத் தடுமாறுபவரை ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பதும் கொடுமை. ஹேடிஸ் (2020), செத்தால்தான் கதை நகரும் என்று ஆக்க்ஷன் விதியையே கதையாக்கியது; தனியாக வீட்டில் விளையாடுங்கள், விரல் பழகாதவர்கள் ஆட்டத்தை எளிதாக்கும் 'காட் மோட்' போட்டுக்கொள்ளலாம்.

உள்ளூர்ப் பெருமைக்காக, சிங்கப்பூரில் உருவாகி 2022ல் வந்த சைனாடவுன் டிடெக்டிவ் ஏஜென்சியை யாராவது சொல்வார்கள். 2037ஆம் ஆண்டின் சிங்கப்பூர். துப்புகளை கேமுக்கு வெளியே, நம் போனிலேயே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது குழுவுக்குக் கலகலப்பு. ஆனால் அந்தத் தேடல் முடிந்தபின் பேச என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஊரைப் பற்றிப் பேசலாம், விதியையும் கதையையும் பற்றி அதிகம் கிடைக்காது. தனியாக ஒரு மாலைப் பொழுதுக்குச் சரி.

ஆக, பேப்பர்ஸ் ப்ளீஸ்: எப்படி நடத்துவது

பட்டியல் விலை 9.99 அமெரிக்க டாலர். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் சிங்கப்பூர் வெள்ளியிலேயே காட்டும். ஜூன் கடைசி, டிசம்பர் கடைசி வாக்கில் தள்ளுபடி வருவது வழக்கம். ஐபேட், ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது, ஆனால் குழுவுக்கு லேப்டாப்பும் மவுஸும்தான். டச்பேடில் தாள் இழுக்க விட்டால் முதல் நாளே விளையாடுபவர் வெறுத்துவிடுவார். எச்டிஎம்ஐ வயரை நீங்களே கொண்டுபோங்கள். எழுத்து சிறியது, பழைய பிக்சல் வகை. நாற்காலிகளை டிவிக்கு இரண்டு மீட்டருக்குள் போடுங்கள். உடலைச் சோதிக்கும் ஸ்கேனர் காட்சிகளில் நிர்வாணம் வரும். செட்டிங்ஸில் அதை நிறுத்திவிடுங்கள். அறைக்குப் போகும் முன்பே, வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

முதல் நாளை அறையில் அனுபவம் மிகக் குறைந்தவரிடம் கொடுங்கள். அன்று சொந்த நாட்டவரை மட்டும் உள்ளே விட்டால் போதும், விதி எளிது. ஒவ்வொரு நாளுக்கும் ஆள் மாறட்டும். அதிகாரிக்குப் பக்கத்தில் விதிப் புத்தகத்தை மட்டும் பார்க்க ஒரு உதவியாளர். மூன்றாமவர் வீட்டுப் பொருளாளர்: நாள் முடிவில் சாப்பாடா கணப்பா என்று முடிவெடுப்பது அவர் மட்டுமே, அதிகாரிக்கு அதில் குரல் கிடையாது. இந்தப் பிரிவினை சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் சாவடியில் இரக்கம் காட்டியவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர் என்று ஆனதும் அறையில் எழும் வாக்குவாதம்தான் அன்றைய விமர்சனத்தின் கரு. கடிகாரம் ஓடும்போது இந்த மூவர் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. 'அங்க அமுக்குங்க, இங்க அமுக்குங்க' என்று பின்னாலிருந்து ஓட்டுபவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரையே பொருளாளராக்கிவிடுவது நல்லது.

மற்றவர்கள் கையில் ஒரு தாள், அதில் நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்த மூன்று பத்தி. கதை என்ன சொன்னது, கை என்ன செய்தது, விதி எதற்குக் கூலி கொடுத்தது. மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான், பெரிய குறிப்பெல்லாம் வேண்டாம்.

ஒரு நாள் பேச்சோடு சேர்த்து பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஆறு நாளுக்கு எழுபது நிமிடம் சொச்சம். முதல் இரண்டு நாளில் தடுமாற்றம் இயல்பு. மூன்றாவது நாள் முடிவிலும் பணம் அதலபாதாளத்தில் இருந்தால், கீபோர்டிலேயே சோதனை முறைக்கு மாறும் வசதியை கேமுக்குள் கிரெடிட் கொடுத்து வாங்குங்கள். மவுஸ் அலைச்சல் பாதியாகக் குறையும். இதை விளையாட்டு உத்தியாக மட்டும் பார்க்க வேண்டாம். குடும்பம் பட்டினி கிடக்க, வேலையைச் சுலபமாக்கச் சொந்தக் காசைப் போடும் ஊழியர் என்பதும் கதைதான், மூன்று பத்தித் தாளில் எழுத வேண்டியது. குடும்பம் செத்து ஆட்டம் முடிந்துவிட்டால் பதற்றம் வேண்டாம்: ஒவ்வொரு நாளும் தனியாகச் சேமிக்கப்படுகிறது, முந்தைய நாளிலிருந்து புதுக் கிளை தொடங்கலாம். ஆனால் தம்பதி வரும் நாளை மட்டும் திரும்ப ஆடாதீர்கள். எடுத்த முடிவு எடுத்ததாகவே இருக்கட்டும்.

பேச்சைத் தொடங்க 'கதை பிடித்ததா' என்று கேட்காதீர்கள். எந்த ஆளிலிருந்து முகத்தைப் பார்ப்பதை நிறுத்தித் தேதியை மட்டும் பார்க்க ஆரம்பித்தீர்கள் என்று ஒவ்வொரு அதிகாரியிடமும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் திணறுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் தாளைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த மாதத்துக்கு வெண்பா. ஒரே சந்திப்பில் முழுதாக முடித்து, அதே மூன்று பத்தித் தாளோடு. அதற்கப்புறம் டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் தொடர்ந்து கூட முடிந்தால் ஒப்ரா டின். அதில் மட்டும் ஒரு கூடுதல் விதி வையுங்கள்: பேரேட்டில் ஒரு பெயரை எழுத, இருவர் இரண்டு வெவ்வேறு காரணம் சொல்ல வேண்டும். பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் அந்த ஓட்டை இதோடு அடைபடும்.